ஸ்டீரியோடைப்: ஆராயாத முன்முடிவே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஸ்டீரியோடைப் என்பது அனுபவம் தந்த அறிவா, ஆராயாத முன்முடிவா?’ என்னும் தலைப்பில், அது முன்முடிவே என வாதிட வந்திருக்கிறேன். ஒரு வகையினர் எல்லாரும் இப்படித்தான் இருப்பார்கள் என்று மனத்தில் இறுகிப்போன பிம்பத்தையே ஸ்டீரியோடைப் என்கிறோம்.

பலரைப் பார்த்துப் பொதுவாக ஒன்றைச் சொல்வது மனித இயல்பு என்றும், அதைக் குறைகூறினால் சிந்திப்பதையே குறைகூற வேண்டியிருக்கும் என்றும் எதிரணித் தோழி சொன்னார். இயல்பு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பொதுக்கருத்து வேறு, ஸ்டீரியோடைப் வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கோத்த அச்செழுத்துகளிலிருந்து வார்ப்பச்சு எடுத்து ஒரே உலோகத் தகடாக வார்த்த பிரெஞ்சு அச்சகத்தார் அதற்கு இட்ட பெயர் இது. தனித்தனி எழுத்தாக இருக்கும்வரை பிழையான எழுத்தை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். தகடாக இறுகியபின் அது எளிதன்று. 1922-இல் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் இச்சொல்லை நம் மனத்தில் உறைந்த பிம்பங்களுக்குப் பயன்படுத்தினார். பெரும்பாலும் நாம் பார்த்தபின் வரையறுப்பதில்லை, வரையறுத்தபின்பே பார்க்கிறோம் என்பது அவர் வாதம்.

அனுபவமே இதன் ஊற்று என்றால், அனுபவம் இல்லாத இடத்தில் இது தோன்றக் கூடாதல்லவா? டேவிட் சேம்பர்ஸ் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், 4,807 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் அறிவியலாளரை வரையச் சொல்லியிருந்தார்கள். வெள்ளை அங்கி, மூக்குக் கண்ணாடி, தாடி, ஆய்வுக்கூடக் கருவிகள் ஆகியவை படங்களில் திரும்பத் திரும்ப வந்தன. வகுப்பு ஏற ஏற இந்த அடையாளங்களும் கூடின. பெண் அறிவியலாளரை வரைந்தவர்கள் 28 பேர் மட்டுமே, அத்தனை பேரும் சிறுமியர். அக்காலத்தில் பெண் அறிவியலாளர்கள் குறைவுதானே என்று எதிரணியினர் கேட்கலாம். குறைவுதான், ஆனால் அந்தப் பிள்ளைகள் ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாகச் சென்று எண்ணிப் பார்த்தா வரைந்தார்கள்? வேறு யாரோ வார்த்துக் கொடுத்த பிம்பத்தை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பிம்பத்தில் தனக்கு இடமில்லை என்று ஒரு சிறுமி அத்தனை இளம் வயதிலேயே எண்ணத் தொடங்குவது, நடுவர் அவர்களே, எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

மேரி கியூரி 1903-இல் இயற்பியலுக்கும் 1911-இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பிம்பம் அனுபவத்தால் உருவான அறிவாக இருந்தால் அந்த இரண்டு பரிசுகளும் அதைத் திருத்தியிருக்க வேண்டும். நடந்ததோ, அவரை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டுப் பிம்பத்தை அப்படியே வைத்துக்கொண்டதுதான். எத்தனை விதிவிலக்குகள் வந்தபின் இந்த ‘அறிவு’ தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதை, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்த அவைக்குச் சொல்ல வேண்டும்.