நாற்பது ஆண்டுகளாக மாறாத முகம்

வணக்கம் நேயர்களே. ரத்தக்காட்டேரிப் படங்களைப் பற்றிப் பேச அழைத்தார்கள். அதிலும் குறைந்த செலவில், பெண்களை மையமாக வைத்து எடுத்த படங்களைப் பற்றி. எனக்கு இந்தப் படங்கள் மேல் அத்தனை பிரியம்.

ராட்சத மிருகத்தைக் காட்டப் பணம் வேண்டும். வேற்றுக்கிரகத்தைக் காட்ட அதைவிட அதிகம் வேண்டும். காட்டேரிக்கு அப்படி எதுவும் தேவையில்லை. அவள் பார்க்க மனுஷி மாதிரியேதான் இருப்பாள். வாசலில் வந்து நிற்பாள், நாமே உள்ளே கூப்பிடுவோம். ஒரு நல்ல நடிகை, ஒரு பழைய வீடு, ஓர் இரவு. படம் எடுத்துவிடலாம்.

டிராகுலா நாவல் 1897-இல் வந்தது. அதற்கு 25 ஆண்டுகள் முன்பே அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு 'கார்மில்லா' என்ற பெண் காட்டேரிக் கதையை எழுதிவிட்டார். கதை சொல்பவள் லாரா என்ற இளம்பெண். வண்டி கவிழ்ந்து, அவள் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறாள் கார்மில்லா. இருவரும் நெருக்கமாகிறார்கள்; லாரா மெலிந்துகொண்டே போகிறாள். ஒருநாள் பழைய ஓவியம் ஒன்றைத் துடைத்துக் கொண்டுவருகிறார்கள். அதில் 1698 என்ற ஆண்டு. அச்சு அசலாகக் கார்மில்லாவின் முகம்! ரத்தம் இல்லை, பல் இல்லை, ஓர் ஓவியம்தான். படிக்கும்போது எனக்கு உடம்பு சில்லிட்டது.

இதே வித்தையைத் திரையில் அழகாகச் செய்தவர் பெல்ஜிய இயக்குநர் ஹாரி குமெல். 1971-இல் வந்த அவருடைய 'டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னஸ்' படம் ஆஸ்டெண்ட் கடற்கரையில் உள்ள ஒரு பெரிய ஓட்டலில் நடக்கிறது. குளிர்காலம், ஆளே இல்லை. இதைக் கவனியுங்கள்: சீசன் முடிந்த ஓட்டல் என்று கதையிலேயே சொல்லிவிட்டால், துணை நடிகர் கூட்டமே வேண்டாம். அந்த வெறுமையே பயமுறுத்தும். அங்கே புதுமணத் தம்பதி தங்கியிருக்கிறார்கள். அப்புறம் ஒரு சீமாட்டி தன் தோழியோடு வந்து இறங்குகிறாள். நடித்தவர் டெல்ஃபின் செய்ரிக். வரவேற்பில் நிற்கும் வயதானவர் அவளைப் பார்த்துத் திகைக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு முன், சிறுவனாக அங்கே வேலை பார்த்தபோது இதே பெண்மணியைப் பார்த்திருக்கிறார். இப்போதும் அதே முகம். அவள் புன்னகையோடு மறுத்துவிடுகிறாள். இதற்கு எந்தத் தந்திரக் காட்சியும் தேவைப்படவில்லை.

வழக்கமான பேய்ப் படத்தில் பெண் அலறிக்கொண்டு ஓடுவாள், கேமரா துரத்தும். வேட்டையாடுபவளும் பெண், இரையும் பெண் என்று வரும்போது துரத்தலுக்கு இடமில்லை. பயம் பாசத்துக்குள்ளிருந்தே வருகிறது. தலை கோதும் கை எப்போது கழுத்துக்கு வரும் என்று தெரியாது. நடிகைகளுக்கு இதில் கிடைக்கும் வேலை பெரிது. பெண்ணுடலைக் காட்டி டிக்கெட் விற்க எடுத்த படங்களும் அந்தக் காலத்தில் நிறைய வந்தன, அதை மறைக்க வேண்டாம். அவற்றில்கூட ஒரு நடிகையின் பார்வை சில நேரம் இயக்குநரின் நோக்கத்தை மீறி நிற்கும்.

இன்று எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கோரைப்பல்லுக்குச் செலவழிக்கும் காசை ஒலிக்குச் செலவழியுங்கள். மூச்சும் கதவின் கிரீச்சும் சரியாக விழுந்தால், மிச்சத்தைப் பார்ப்பவர் மனசே வரைந்துகொள்ளும்.

கடைசியாக, இயக்குநர் அனா லிலி அமிர்பூரின் முதல் முழுநீளப் படம், 2014. 'எ கேர்ள் வாக்ஸ் ஹோம் அலோன் அட் நைட்'. பாரசீக மொழி, கறுப்பு வெள்ளை. கலிஃபோர்னியாவில் எடுத்துவிட்டு, கற்பனையான ஓர் ஈரானிய ஊர் என்கிறார். அதில் சாதர், அதாவது தலை முதல் கால்வரை போர்த்தும் நீளத் துணி, அணிந்த பெண்தான் காட்டேரி. இரவில் ஒரு சிறுவனை மறித்து, "நீ நல்ல பையனா?" என்று கேட்கிறாள். அவன் நடுங்கிப்போய் ஓடுகிறான். அவனுடைய ஸ்கேட்போர்டு அவளிடம் தங்கிவிடுகிறது. பிறகு அந்த வெறும் தெருவில், சாதர் இறக்கை மாதிரி விரிய, அவள் அதன்மேல் நின்று தனியாக உருண்டு போகிறாள்.

நன்றி, வணக்கம்.