அறிவியல் கழகம் தொடங்க ஒரு குச்சி போதுமா?

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார்: "தலைமையாசிரியர் அறிவியல் கழகம் தொடங்கச் சொல்லிவிட்டார். சின்னப் பள்ளி, கையில் பணமும் இல்லை. முதல் கூட்டத்தில் எரிமலை செய்து காட்டலாமா?"

எரிமலை வேண்டாம் டீச்சர். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் பொங்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். சரி, அடுத்த வாரம்? அதைவிடப் பெரிதாக ஒன்றைக் காட்ட வேண்டும். கடைசிவரை நீங்கள் காட்டுவீர்கள், அவர்கள் பார்ப்பார்கள். பிள்ளைகளே அளந்து கண்டுபிடிக்கிற ஒன்றில் தொடங்குங்கள்.

புறப்பாட நாளன்று திடலில் வெயில் படும் சமதரையில் ஒரு மீட்டர் குச்சியை நடுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பிள்ளைகளே சரிபார்க்கட்டும். 12:30 முதல் 2 மணி வரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் ஒரு புள்ளி. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நிழல் எப்போது மிகக் குட்டையாக இருக்கும் என்று அளப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் 12 மணி என்பார்கள். அளந்தால் 1:20 வாக்கில் வரும், மாதத்தைப் பொறுத்துச் சற்று முன்பின்னாக. குச்சி சாய்ந்துவிட்டது என்பான் ஒருவன், கடிகாரம் தப்பு என்பாள் இன்னொருத்தி. நீங்கள் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரம் அவர்கள் வாதாடட்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அந்த வாதம்தான்.

விடை இது: நம் மலேசியக் கடிகாரம் காட்டுவது 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தை. பினாங்கு இருப்பதோ ஏறக்குறைய 100 பாகையில். சூரியன் வானில் ஒரு பாகை மேற்கே நகர 4 நிமிடம் ஆகும். 20 பாகைக்கு 80 நிமிடத் தாமதம். 1982 ஜனவரி 1 அன்றுதான் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். தாத்தா பாட்டிக்கு அது நினைவிருக்கலாம். வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்.

அப்புறம் மாதம் ஒருமுறை அதே குச்சி, அதே இடம். ஜூனில் நண்பகல் நிழல் தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நம் உச்சிக்கு மேலே வரும். குச்சியின் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். அன்றைக்குப் பெற்றோரையும் அழையுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் அப்பா அம்மா யாராவது இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு அவர்களே விருந்தினர். கொம்தாரில் உள்ள டெக் டோம் என்ற அறிவியல் மையத்துக்குச் சுற்றுலா போவதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

நான்காம், ஐந்தாம் ஆண்டில் ஆர்வமுள்ள பதினைந்து பேர் போதும். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். மழை பெய்து நிழலே விழாவிட்டாலும் தேதியைப் போட்டு "மழை" என்று எழுதட்டும். அளவு தப்பாக வந்தால் அழிக்காமல் பக்கத்திலேயே புதிய அளவைக் குறிக்கட்டும்.