நீங்கள் எழுதும் சர்வர், தன் அமைப்புகளைச் சொல்லும் கான்ஃபிக் ஃபைலைப் படிக்க வெளி லைப்ரரி வேண்டுமா?

[திரையில்: ரெடிஸ் சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரி]

மேக்ஸ்மெமரி 100எம்பி. டேட்டாவை மெமரியிலேயே வைத்திருக்கும் டேட்டாபேஸான ரெடிஸ் எவ்வளவு மெமரி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வரி இது. முதலில் பெயர், ஓர் இடைவெளி, அப்புறம் மதிப்பு. இதைப் படிக்க ரெடிஸ் எந்த வெளி லைப்ரரியையும் நாடவில்லை. சி மொழியில் சொந்தமாக எழுதிய பார்சர்தான், அதாவது வரியைப் பிரித்துப் படிக்கும் கோடு. வெப் சர்வரான என்ஜின்எக்ஸும் அப்படித்தான்.

ரெடிமேடாகக் கிடைப்பதை ஏன் விட வேண்டும்? ரெடிஸில் 1கே என்றால் 1000 பைட், 1கேபி என்றால் 1024 பைட். பெரும்பாலான பொது லைப்ரரிகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது. வரியைப் பிரிப்பது சின்ன வேலை. அதற்கு அர்த்தம் கொடுப்பதுதான் பெரிய வேலை. அது எப்படியும் நம் தலையில்தான் விழும்.

[திரையில்: அதே வரி, பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது]

இப்படி எழுதி சர்வரைக் கிளப்பினால், எத்தனையாவது வரி என்று சொல்லி, அந்த வரியையும் அப்படியே காட்டிவிட்டு ரெடிஸ் நின்றுவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் எழவில்லையே என்று தவிப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? கான்ஃபிக் ரீரைட் என்றொரு கட்டளையும் உண்டு. ஓடும்போது செய்த மாற்றங்களை ஃபைலில் எழுதும். நீங்கள் போட்டு வைத்த கமென்ட்டுகளைத் தொடாது. யாமல் என்பது கான்ஃபிக் எழுதப் பலரும் பயன்படுத்தும் வடிவம்; பல யாமல் லைப்ரரிகளில் படித்துத் திரும்ப எழுதினால் கமென்ட்டுகள் காணாமல் போய்விடும்.

லைப்ரரியோடு அதன் விதிகளும் சேர்ந்தே வரும். யாமல் 1.1 விதிப்படி, மேற்கோள்குறி இல்லாமல் 22:22 என்று எழுதினால் மணி, நிமிடம் போலக் கணக்கிட்டு 1342 ஆக்கிவிடும். நீங்கள் கொடுத்ததோ இரண்டு போர்ட் எண்கள்! 2009-இல் வந்த யாமல் 1.2 இதை நீக்கிவிட்டது. ஆனாலும் பழைய விதியில் ஓடும் லைப்ரரிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

சரி, எப்போது லைப்ரரி எடுக்கலாம்? உங்கள் சர்வருக்கு ஒரு மாதிரி கான்ஃபிக்கை முதலில் கையால் எழுதிப் பாருங்கள். பெயர், மதிப்பு என்று வரி வரியாக முடிந்துவிட்டால் சொந்த பார்சர் போதும். சர்வர்களைக் கண்காணிக்கும் ப்ரோமிதியஸில் வருவதுபோல பட்டியலுக்குள் பட்டியல் என்று போனால், தயங்காமல் லைப்ரரி எடுங்கள். யாமல் பார்சரைச் சொந்தமாக எழுத உட்கார்ந்தால் சர்வரை எழுத நேரம் இருக்காது.

[திரையில்: ரெடிஸ் மூலக் கோடில் டெப்ஸ் ஃபோல்டர்]

ரெடிஸுக்கு லைப்ரரிகள் மேல் பகை ஒன்றும் இல்லை. ஸ்கிரிப்ட் ஓட்டும் லுவா, மெமரி ஒதுக்கும் ஜெமாலக் இரண்டையும் இந்த ஃபோல்டரில் கூடவே வைத்திருக்கிறது. நீங்களும் இப்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், புது வெர்ஷனைக் கொண்டுவந்து சேர்த்து சர்வரைத் திரும்ப வெளியிடுவது உங்கள் வேலை.