பிடியரிசியும் வாலிபர் ஐக்கியமும்

வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சிறு மண்கலயம் இருந்ததை இன்று அறுபது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலைக்கு அரிசி அளந்ததும், அதைக் களைவதற்கு முன்பு, ஒரு பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போடுவது என் ஆச்சியின் வழக்கம். குதிர் நிறைந்திருந்த நாளிலும் ஒரு பிடிதான். வீட்டில் குறுநொய் மட்டுமே இருந்த நாளிலும் ஒரு பிடிதான். வாரக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். அங்கிருந்து, ஊர்ச் சபையில் வேதம் போதிக்கும் உபதேசியார் வீட்டுக்கோ, ஆதரவற்ற ஒரு கைம்பெண்ணின் வீட்டுக்கோ போகும். வாலிபர் ஊழியத்தில் விசுவாசத்துக்கும் நன்றிக்கும் சமூகத் தொண்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கலயம்தான்.

ஞாயிறுதோறும் ஆராதனையில் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிறோம். ஆச்சியும் சொன்னார். ஆனால், நாளைய உலைக்கு அரிசி உண்டா என்று தெரியாத மாதக் கடைசியில், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைக் குறைத்தபோது அவர் வாய் திறக்காமல் சொன்ன பிரமாணம் அதைவிட உரத்தது என்று இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது. உண்டு மிஞ்சியதைக் கொடுப்பதற்கு நல்ல மனம் போதும். உண்பதற்கு முன்பே எடுத்து வைப்பதற்கு விசுவாசம் வேண்டும். பதினான்கு ஆண்டுகள், பல ஊர்ச் சபைகள் சேர்ந்த ஒரு கிராமச் சேகரத்தின் வாலிபர் ஐக்கியத்துக்குப் பொறுப்பாக இருந்தவன் என்ற முறையில் நான் சொல்ல வந்ததும் இந்த வரிசையைப் பற்றித்தான்.

இந்தப் பழக்கம் இங்கே வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. இந்த மண்ணின் சபைகள் கடன்பட்டே பிறந்தவை. தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரின் காலத்தில், புதிதாகக் கிறிஸ்தவர்களான ஏழைகள் வீடிழந்து, ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு அலைந்தபோது, அவர்கள் குடியேறுவதற்கென்று ஒரு துண்டு நிலம் வாங்கப்பட்டு, 1799-ல் முதலூர் உருவாயிற்று. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ், அப்படித் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதற்கென்றே 1830-ல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் ஆதரவு பெற்றார்கள். 1878-ல் அவ்வூரில் தொழிற்பள்ளியும் எழுந்தது. இன்று கல்லாலும் சுண்ணாம்பாலும் உயர்ந்து நிற்கும் கோபுரங்களைப் பார்க்கும் இளைஞர்களுக்கு, தங்கள் முன்னோர் ஒருகாலத்தில் மற்றவர் கொடுத்த நிலத்தில் ஓலைக்குடிசை போட்டவர்கள் என்பதைச் சொல்லாவிட்டால், நன்றி என்ற சொல் பாட்டில் வரும் ஒரு சொல்லாக மட்டுமே நின்றுவிடும்.

தினையளவு உதவியையும் பனையளவாக எண்ண வேண்டும் என்பது தமிழர் எல்லாரும் அறிந்த உவமை. காலையும் மாலையும் முப்பது நாற்பது பனைகளை ஏறி இறங்கிய எங்கள் முன்னோருக்குப் பனையளவு என்பது வெறும் உவமை அன்று. அந்த அளவு அவர்கள் நெஞ்சில் தழும்பாகப் பதிந்திருந்தது.

திருமறையின் உபாகம நூலில், முதற்பலனைக் கொண்டுவருகிறவன் எப்படிக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. கூடையை வைத்துவிட்டு அவன் போய்விட முடியாது. தன் தகப்பன் நிலமற்று அலைந்தவன், எகிப்தில் பரதேசியாய்த் தங்கியவன், அடிமைப்பட்டவன் என்ற வரலாற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, தன்னிடத்தில் இருக்கும் பரதேசியோடு சேர்ந்து மகிழ வேண்டும். முதலில் நினைவு, அடுத்துக் கூடை, அதன்பின் அந்நியனோடு பந்தி. நன்றி என்பதை இவ்வளவு திட்டமாக விளக்கிய பகுதி திருமறையில் வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் நம்முடைய ஸ்தோத்திரப் பண்டிகைகளில் கூடை வருகிறது, ஏலம் நடக்கிறது, ஒரு சேவல் அதன் விலையைப் போலப் பத்து மடங்குக்குப் போகிறது. நினைவைச் சொல்லும் பகுதியை மட்டும் நாம் விட்டுவிட்டோம்.

பெற்றதைக் கொடுத்தவர்களுக்கே திருப்பிக் கொடுப்பது பெரும்பாலும் முடியாத காரியம். அவர்கள் இறந்துபோயிருப்பார்கள், அல்லது கடல் கடந்து போயிருப்பார்கள். ஆகவே கடனை அடுத்தவருக்குச் செலுத்துவதுதான் வழி. இதை இந்த மண்ணில் மிகத் தெளிவாக உணர்ந்தவர், 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவர் பேராயராகத்தான் பலருக்குத் தெரியும். எனக்கோ அவர் முதன்மையாக ஒரு வாலிபர் ஊழியர். 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுவதும் இளைஞர்கள் நடுவே சுற்றியவர். 1902-ல் யாழ்ப்பாணத்துக்குச் சென்றபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்பி வந்ததைப் பார்த்தார். நூறாண்டுக் காலம் பெற்றுக்கொண்டே இருந்த திருநெல்வேலிச் சபை யாருக்கு என்ன அனுப்பியது என்ற கேள்வி அவரை உறுத்தியது. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் அடிப்படை. அப்போது அவருக்கு 28 வயது. 1909-ல், தாம் தொடங்கிய சங்கத்தின் ஊழியராகவே, மொழி தெரியாத தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-ல் அங்கே பேராயரானார். நம் வாலிபர் ஐக்கியங்களில் 28 வயதுக்காரரை இன்னும் ‘பையன்’ என்று சொல்லி நாற்காலி அடுக்க அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

நாற்காலி அடுக்குவதும் தேவைதான். நான் அறிந்தவரையில் எங்கள் பகுதி இளைஞர்களுக்கு மிகச் சிறந்த இறையியல் பள்ளி, அசனப் பண்டிகையின் சமையல் கொட்டகை. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன்: அசனம் என்பது ஆலயத்தில் சபையார் அனைவரும், பிற சமயத்து அயலாரும் சேர்ந்து உண்ணும் பொது விருந்து. முந்தின நாள் இரவே இளைஞர்கள் கூடி வெங்காயம் உரிப்பார்கள், கத்தரிக்காய் நறுக்குவார்கள். விடியுமுன் அண்டாக்கள் அடுப்பேறும். வெந்த சோற்றை ஓலைப்பாயில் மலைபோலக் குவித்து, பனையோலைக் கடகங்களில் அள்ளிக்கொண்டு பந்திக்கு ஓடுவார்கள். ஆட்டுக்கறிக் குழம்பின் மணமும், கத்தரிக்காய் மாங்காய்ப் பச்சடியின் புளிப்பும் ஊரெல்லையைத் தாண்டும். பல நூறு பேர் உண்டு எழுந்து, தூக்குவாளியிலும் வாங்கிக்கொண்டு போன பிறகு, கடைசிப் பந்தியில், பரிமாறியவர்கள் உட்காருவார்கள். அப்போது பெரும்பாலும் கறி இருக்காது. அடிச்சோறும் குழம்பும்தான் இருக்கும். அந்தக் கடைசிப் பந்தியில் ஒரு முறையாவது உட்கார்ந்தவனுக்குத் தாழ்மையைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

கொரிந்து பட்டணத்துச் சபையில் வசதியானவர்கள் முந்தி உண்டுவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள் என்று பவுல் கடிந்து எழுதியது நமக்கும் பொருந்தும். ரேனியஸ் தம் மாணவர்கள் சாதி வேறுபாடின்றி ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று கண்டிப்பாக இருந்தவர். அசனப் பந்தியில் நாமும் வேறுபாடு பார்ப்பதில்லை. ஆனால் அதே பந்தியில் தோளோடு தோள் உரச உட்கார்ந்தவர்கள், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போது என்னென்ன விசாரிக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கும் தெரியும்.

என் காலத்தில் வாலிபர் ஊழியம் மெல்ல மெல்ல மேடையை நோக்கி நகர்ந்ததைப் பார்த்தேன். கீபோர்டு வந்தது, டிரம்ஸ் வந்தது, வண்ண விளக்கு வந்தது. இசையைக் குறை சொல்லவில்லை. நானும் பாடகர் குழுவில் இருந்தவன்தான். ஆனால் நன்றி முழுவதும் ஒலிபெருக்கி வழியாகவே வெளியேறிவிட்டால் கைகளுக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. தொண்டும்கூட மேடையைப் போலவே ஆனது: முதியோர் இல்லத்துக்குப் போய் ரொட்டிப் பொட்டலம் கொடுத்து, வரிசையாக நின்று படம் எடுத்துத் திரும்பினோம். அதற்கு நானே ஏற்பாடு செய்தேன், நானே படத்தில் நடுவில் நின்றேன். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்ற உபதேசத்தைக் கைப்பேசி வந்த காலத்தில் எப்படிக் காப்பது என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகள் எங்களை மாற்றின. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரையை மீறியது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. அவர்களுக்கு முதலில் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் பக்கத்துப் புதுக்குடி மக்கள். அவர்கள் எங்கள் சபையார் அல்லர். பத்துக் குஷ்டரோகிகள் சுகமானபோது திரும்பி வந்து நன்றி சொன்ன ஒருவனும் அந்நியன்தானே என்று எனக்கு அன்று நினைவு வந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரமே இருந்தது. எங்கள் ஐக்கியம் மேடைக்கும் விளக்குக்கும் பணம் சேர்த்து வைத்திருந்தது. தண்ணீர் வடிந்ததும் அந்தப் பணத்தில் முதலில் போர்வையும் உடைகளும் வாங்க நினைத்தோம். எங்கள் சபையின் மூத்த தாயார் ஒருவர்தான், “துணி எல்லாரும் கொண்டாருவாங்க, மம்பட்டி வாங்குங்க” என்றார். அவர் சொன்னது சரி. நாங்கள் போன ஆற்றோர ஊர்களில் துணி மூட்டை மூட்டையாக வந்து குவிந்திருந்தது. வீட்டுக்குள் முழங்காலளவு படிந்திருந்த சேற்றை அள்ளத்தான் ஆளில்லை. மண்வெட்டி, பக்கெட், துடைப்பம், பிளீச்சிங் பவுடர் இவற்றோடு இருபத்திரண்டு பேர் நான்கு நாட்கள் சேறு அள்ளினோம். பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பழைய செய்தித்தாளின் நடுவே வைத்து உலர்த்தினோம். கைப்பேசிகளை ஒரு பையில் போட்டு வண்டியிலேயே வைத்துவிட்டோம். சேறு பட்டுவிடும் என்பதுதான் அப்போது நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம்.

மூன்றாம் நாள் ஒரு மூதாட்டியின் வீட்டைக் கழுவி முடித்தோம். அவர் வளர்த்த ஆடுகள் போய்விட்டன, நெல்மூட்டை முளைத்து நாறியது. நாங்கள் கிளம்பும்போது, எங்கிருந்தோ கடன் வாங்கிய கருப்பட்டியைப் போட்டு, ஈர விறகை ஊதி ஊதி எரித்து, காப்பி கொண்டுவந்தார். எங்கள் பையன்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். எல்லாவற்றையும் இழந்தவரிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது அவர்களின் நல்லெண்ணம். அவர் தம்ளரை நீட்டிய கையை மடக்கவே இல்லை. “குடிச்சிட்டுப் போங்கய்யா, எனக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?” என்றார். குடியுங்கள் என்று நான் சொன்னேன். இருபத்திரண்டு பேருக்கும் நான்கு தம்ளர்தான். மாற்றி மாற்றிக் கழுவிக் குடித்து முடிக்க அரை மணி நேரமானது. கொடுக்க வருகிறவன் தான் எதையும் பெற மாட்டேன் என்று நின்றால், எதிரில் இருப்பவரை அவன் நிரந்தரமாகக் கடனாளியாக்குகிறான். பதினான்கு ஆண்டுகள் வேதபாடம் நடத்தியும் எனக்குப் பிடிபடாத இந்தச் செய்தி, அந்தக் காப்பியில்தான் பிடிபட்டது.

அந்த ஆண்டு ஆலயத்தில் மேடை போடவில்லை. அதிகாலைப் பஜனை மட்டும் நடந்தது.

வெள்ளம் எப்போதும் வராது, வரவும் வேண்டாம். ஆகவே அன்றாடத் தேவை என்ன என்று பிறகு உட்கார்ந்து பேசினோம். எங்கள் ஊரில் பல வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். பணம் ஒழுங்காக வருகிறது. பெரியவர்களுக்குக் குறைவாக இருப்பது, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூடவே பஸ் ஏறி, சீட்டு எடுத்து, வரிசையில் நின்று, மருத்துவர் சொன்னதை நினைவில் வைத்துத் திரும்ப வருவதற்கு ஓர் ஆள். சாதி, சமயம் கேட்காமல் அதை ஏற்றுக்கொண்டோம். ஆராதனைக்குப் பின் ஒரு நாற்பது பக்க நோட்டைச் சுற்றுக்கு விடுகிறோம். அதில் நாளும், பெரியவரின் தெருவும், உடன் போகிறவரின் பெயரும் இருக்கும். இதில் புகழ் எதுவும் இல்லை. பெரும்பகுதி காத்திருப்புத்தான். அரை நாள் ஒரு பெஞ்சில், ஒரே கதையை ஐந்தாம் முறையாகச் சொல்லும் ஒரு தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருத்தி அங்கேயே புத்தகத்தை விரித்துக்கொள்கிறாள்; அந்தத் தாத்தா அவளுக்குப் பக்கம் திருப்பிவிடுகிறார்.

என் வயதைக் காரணம் காட்டிப் பொறுப்பிலிருந்து நான் விலகிவிட்டேன். நோட்டு மட்டும் இன்னும் என் வீட்டு அலமாரியில், ஆச்சியின் கலயத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சனிக்கிழமை மாலையில் யாராவது ஒருவர் வந்து எடுத்துப் போவார். இந்த ஒலிபரப்பை எங்கள் ஐக்கியத்தார் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: வரும் செவ்வாய்க்கிழமை கண் மருத்துவப் பிரிவுக்கு மூன்று பேர் போக வேண்டியிருக்கிறது, நோட்டில் இதுவரை ஒரு பெயர்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதல் பஸ் ஐந்து நாற்பதுக்கு.

வணக்கம்.