பார்சல் கட்டுவதற்கு முன் ஒரு போன்

நேயர்களுக்கு வணக்கம். காஞ்சிபுரம் பட்டுச் சேலைகளை இணையத்தில் விற்கும் ஒரு சின்னக் கடையில் ஆர்டர்களையும் கணக்கையும் 11 வருடமாகப் பார்த்து வருகிறேன். 'கார்டு மூலம் பணம் வந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டியதுதான்' என்று கடைக்காரர்கள் நினைக்கிறோமே, அந்த நினைப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் ஊர் கார்டில் இணையத்தில் எதை வாங்கினாலும் பெரும்பாலும் ஓடிபி கேட்கும். இணையத்தில் கார்டைப் பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்து கட்டாயமாக்கியது. நமக்கு அது பழகிவிட்டது. ஆனால் வெளிநாட்டு வங்கி கொடுத்த கார்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கார்டு எண், காலாவதி தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம், இவ்வளவு தெரிந்தால் பல நேரம் பணம் வந்துவிடும். அதை அடித்தது கார்டுக்குச் சொந்தக்காரர்தானா என்பது நமக்குத் தெரியாது.

சில வருடம் முன்பு, தை மாதம். கல்யாண சீசன். காலையில் கடையைத் திறந்தால் அமெரிக்காவிலிருந்து ஒரு ஆர்டர். மூன்று சேலை, ஒரு லட்சத்துக்கு மேல். அதில் ஒன்று அரக்கு நிறத்தில் கோர்வைச் சேலை. உடலும் கரையும் தனித்தனி நூலில் வந்து சேரும் நெசவு அது. தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒரு கணவனும் மனைவியும் 18 நாள் நெய்து கொடுத்தது. நல்ல இடத்துக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டு அன்றைக்கே அனுப்பிவிட்டோம்.

பத்து வாரம் கழித்து பேமென்ட் கேட்வேயிலிருந்து, அதாவது கார்டுப் பணத்தை வாங்கி எங்களுக்குத் தரும் நிறுவனத்திலிருந்து, ஒரு மின்னஞ்சல். சார்ஜ்பேக். அப்படியென்றால் என்ன? கார்டுக்கு உரியவர் தன் வங்கியிடம் 'இதை நான் வாங்கவே இல்லை' என்று சொல்லிவிட்டார். வங்கி அந்தப் பணத்தை எங்களிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. அதற்கு ஒரு கட்டணமும் சேர்த்து. கார்டுக்குச் சொந்தக்கார அம்மாள் மேல் ஒரு தப்பும் இல்லை, யாரோ அவருடைய கார்டு எண்ணைத் திருடியிருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி, கிரெடிட் கார்டை வேறு யாரோ பயன்படுத்தினால் உரியவர் ஏற்க வேண்டியது அதிகபட்சம் 50 டாலர். மிச்ச நஷ்டம் எங்கே போகும்? கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் நடந்த இணைய விற்பனை என்றால் பெரும்பாலும் கடைக்காரர் தலையில்தான்.

பதில் சொல்லச் சில நாள்தான் கொடுத்தார்கள். கூரியர் ரசீதை அனுப்பினோம். சேலை அந்த வாசலுக்குப் போனதற்கு அது சாட்சி. வாங்கியது யார் என்பதற்குச் சாட்சி இல்லை. பணமும் போயிற்று, சேலையும் போயிற்று. தறிக்காரருக்குக் கூலி கொடுத்தாயிற்று, அதைத் திரும்பக் கேட்க முடியுமா?

அதற்குப் பிறகு அந்த ஆர்டரை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தேன். நான்கு கார்டு தோற்று, ஐந்தாவதில் பணம் வந்திருக்கிறது. கார்டின் முகவரி ஒரு மாநிலம், சேலை போன முகவரி இன்னொரு மாநிலத்தில் ஒரு பார்சல் கிடங்கு. இதெல்லாம் கணினியிலேயே இருந்தது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பட்டுச் சேலை வாங்குகிறவர்கள் கேள்வி கேட்காமல் வாங்க மாட்டார்கள். முந்தியைப் பிரித்துக் காட்டுங்கள், பகல் வெளிச்சத்தில் ஒரு படம் அனுப்புங்கள், ஃபால்ஸ் அடித்துத் தருவீர்களா, பிளவுஸ் துணி கூடவே வருமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்த ஆர்டரில் வந்தது ஒரே கேள்விதான்: எப்போது அனுப்புவீர்கள்?

அன்றிலிருந்து வெளிநாட்டுப் புது ஆர்டர் என்றால், பார்சல் கட்டுவதற்கு முன் ஒரு போன் போடுகிறேன். கார்டு விவரமோ ஓடிபியோ கேட்கவே கூடாது. சேலையைப் பற்றிப் பேசினால் போதும். 'ஃபால்ஸ் அடிக்கட்டுமா அம்மா?' என்று கேட்பேன். உண்மையில் வாங்கியவர் உடனே பேச ஆரம்பித்துவிடுவார். லண்டனில் ஒரு அம்மா மருமகளின் வளைகாப்பைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்கள். இன்றுவரை எங்களிடம்தான் வாங்குகிறார்கள். திருட்டுக் கார்டு என்றால் பெரும்பாலும் போனை எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் எந்த நிறச் சேலை என்று சொல்லத் தெரியாது. ஒரு நாள் தாமதமானால் வாடிக்கையாளர் கோபிப்பாரே என்று கேட்கிறார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்த போனுக்காக யாரும் என்னிடம் கோபித்ததில்லை. மறுபடியும் சொல்கிறேன், பார்சல் கட்டுவதற்கு முன், கட்டிய பிறகு அல்ல.

சந்தேகம் தீரவில்லையா? பணத்தைத் திருப்பிவிடுங்கள். எந்தக் கார்டிலிருந்து வந்ததோ அதே கார்டுக்கு. 'வேறு கணக்கில் போடுங்கள்' என்று கேட்டால் ஒருபோதும் போடாதீர்கள்.

அப்புறம், வெளிநாட்டுக் கார்டுகளுக்கும் 3டி செக்யூர் சரிபார்ப்பைப் போடச் சொல்லி உங்கள் கேட்வேயிடம் கேளுங்கள். கார்டு கொடுத்த வங்கியே வாங்குகிறவரைச் சரிபார்த்துவிட்டால், பின்னால் திருட்டு என்று புகார் வரும்போது நஷ்டம் பெரும்பாலும் அந்த வங்கியைச் சேரும். சில ஆர்டர்கள் பாதியில் நின்று போகும். போகட்டும்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். இன்னும் இரண்டே விஷயம். நள்ளிரவில் ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் என்று வரிசையாகக் கார்டுகள் தோற்றுக்கொண்டிருந்தால், திருடிய எண்களில் எது வேலை செய்கிறது என்று யாரோ உங்கள் கடையில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒருவர் இத்தனை முறைதான் முயலலாம் என்று வரம்பு வையுங்கள். இன்னொன்று, வாடிக்கையாளரின் கார்டு ஸ்டேட்மென்டில் உங்கள் கடையின் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு முதலாளியின் அப்பா பெயரில் இருந்த பழைய நிறுவனத்தின் பெயர் போய்க்கொண்டிருந்தது. சேலையைக் கட்டிக்கொண்டிருப்பவர்களே 'இது யார்?' என்று வங்கியில் புகார் கொடுத்தார்கள். கேட்வேக்கு ஒரு கடிதம் எழுதி அதை மாற்றினோம். நன்றி, வணக்கம்.