புளிக்குழம்பும் அலுமினியச் சட்டியும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் அம்மா இரவு மீன்குழம்பை அலுமினியச் சட்டியிலேயே மூடி வைத்துவிடுவார். விடிய பழஞ்சோற்றோடு சாப்பிட அதுதான் ருசி. ஒருநாள் அந்தச் சட்டியைக் கழுவும்போது பார்த்தேன். குழம்பு நின்ற மட்டம் வரைக்கும் உட்பக்கம் பளிச்சென்று வெளுத்திருந்தது. அதற்கு மேலே பழைய மங்கல் நிறம் அப்படியே இருந்தது.

அந்த மங்கல், அலுமினியம் ஒட்சிசனோடு சேர்ந்து உண்டாகும் ஒட்சைட்டுப் படை. அதுதான் சட்டிக்குக் காவல். பழப்புளி, தக்காளி, தேசிக்காய்ப் புளிப்பு அதை அரிக்கும். உப்பும் சேர்ந்து இரவு முழுக்க ஊறினால் இன்னும் கூடுதலாக அரிக்கும். சோறு வடிக்கவோ பால் காய்ச்சவோ அந்தளவு அலுமினியம் கரையாது.

சரி, கரைந்தது எங்கே போகிறது? நாங்கள் விழுங்கும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை. சேரும் கொஞ்சத்தையும் நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு 2011இல் ஓர் எல்லை வைத்தது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008இல் 1 மில்லிகிராம் என்றது. தேயிலை முதல் பேக்கிங் பவுடர் வரை எல்லாவற்றிலிருந்தும் வருவதைக் கூட்டித்தான் இந்தக் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு வாரம் 60 முதல் 120 மில்லிகிராம். 15 கிலோ பிள்ளைக்கோ 15 முதல் 30தான். ஒரே சட்டியில் சாப்பிட்டாலும் பிள்ளைதான் எல்லையை முதலில் தொடும்.

அலுமினியத்தால் மறதி நோய் வரும் என்று பலர் பயப்படுகிறார்கள். பல பத்தாண்டு ஆராய்ச்சியிலும் அது உறுதியாகவில்லை.

எனக்குக் கவலை வேறு. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காரணம் பிடிபடாத சிறுநீரக நோயோடு எத்தனை கமக்காரர்கள் இருக்கிறார்கள்! அந்த நோயை அலுமினியச் சட்டிதான் தந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கு அலுமினியம் வெளியேற வழி குறைவு. 1970களில், டயாலிசிஸ் எனும் குருதிச் சுத்திகரிப்புக்குப் பாவித்த தண்ணீரில் இருந்த அலுமினியம் நோயாளிகளின் இரத்தத்துக்குள் போய், மூளையையும் எலும்பையும் கெடுத்தது தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் அந்தத் தண்ணீரைக் கண்டிப்பாகச் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள்.

ஆகவே வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால், சட்டியை விட முதலில் மருந்துப் பெட்டியைப் பாருங்கள். நெஞ்செரிவுக்குக் குடிக்கும் பாணிகள் பலவற்றில் அலுமினியம் ஐதரொட்சைட்டு உண்டு. குழம்பில் கரைவதை விட அதில் பல மடங்கு அலுமினியம் இருக்கும். வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். தேசிக்காய்த் தண்ணீரோடு சேர்த்துக் கொடுக்கவே வேண்டாம். அந்தப் புளிப்பு அலுமினியத்தை இரத்தத்தில் கூடுதலாக ஏற்றும்.

இன்னொன்று. பழைய இரும்புக்கடைச் சாமான்களை உருக்கி வார்த்த சட்டிகளில், ஆங்கிலத்தில் லெட் எனப்படும் ஈயமும் கலந்திருக்கலாம். ஈயம் பிள்ளைகளின் மூளைக்கு அலுமினியத்தை விடப் பொல்லாதது. எங்கே, எதை உருக்கி வார்த்தது என்று தெரியாத சட்டியில் சமைக்காதீர்கள்.

அம்மா இப்போது மீன்குழம்பை மண்சட்டியில் வைக்கிறார். அந்தப் பழைய சட்டியில் சோறு வேகிறது.