டாங்கியின் டெலிபோன்

நேயர்களுக்கு வணக்கம்.

டாங்கிக்குள் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதிக் கண்தான். மூடியை இறக்கிவிட்டால் வெளியே நடப்பது சரியாகத் தெரியாது. எந்த மண்மேட்டுக்குள் பதுங்கு குழி இருக்கிறது என்பது தரையில் ஊர்ந்து வரும் காலாட்படைக்குத் தெரியும். ஆனால் அதை நொறுக்கும் பீரங்கி டாங்கியில் இருக்கிறது. இரண்டு பேரும் பேசிக்கொள்ள, இரண்டாம் உலகப் போரில் டாங்கியின் வெளிப்புறத்தில் ஒரு டெலிபோன் வைத்திருந்தார்கள். சண்டை நடுவே ஒருவர் எழுந்து போய், மறைவே இல்லாத இடத்தில் நின்று, அதை எடுத்துப் பேச வேண்டும்.

அப்படிப் போய்ப் பேசியவர் லெப்டினன்ட் கரம்ஜீத் சிங் ஜட்ஜ். ‘ஜட்ஜ்’ என்பது பதவியல்ல, பெயரோடு சேர்ந்தது. பஞ்சாபில் கபூர்தலாக்காரர். பிறந்தது 1923 மே 25. இந்தியர் என்றால் சுபேதார் மேஜருக்கு மேலே போக முடியாது என்றிருந்த பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில், நம்மவர்களும் முழு அதிகாரிகளாக வரத் தொடங்கியிருந்த காலம் அது. இவர் 15வது பஞ்சாப் ரெஜிமென்டின் 4வது பட்டாலியனில் பிளட்டூன் எனும் சிறு படைப்பிரிவின் தலைவர்.

1945 பிப்ரவரியில் அந்தப் பட்டாலியன் இருந்த 7வது இந்திய டிவிஷன், பர்மாவில் ஐராவதியைக் கடந்தது. எதிர்க்கரையில் ஜப்பானியர் மட்டுமா இருந்தார்கள்? நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் இருந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர். ஒரே ஆற்றின் இரு கரையிலும் நம் பிள்ளைகள். இதில் ஒரு கரையை மட்டும் நினைத்து, மறுகரையை வெள்ளைக்காரனின் கூலிப்படை என்று ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மார்ச் 18. ஐராவதிக் கரையிலுள்ள மியிங்யான் ஊருக்கு வெளியே ஒரு பருத்தி ஆலை. அந்தப் பகுதியைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு. சுற்றிலும் பதுங்கு குழிகள். அன்று டாங்கிகளையும் காலாட்படையையும் சுற்றி விழுந்த எதிரியின் பீரங்கிக் குண்டுகள் மட்டும் கிட்டத்தட்ட 200. மெஷின்கன் சுட்டு ஆட்கள் நகர முடியாமல் படுத்துவிடும்போதெல்லாம் கரம்ஜீத் எழுந்து டாங்கியிடம் போவார். எதிரி குறிவைப்பதே டாங்கியைத்தான். அதன் பக்கத்தில் நின்று டெலிபோனை எடுத்து, எந்தக் குழியைச் சுட வேண்டும் என்று காட்டுவார். டாங்கி சுட்டு முடித்ததும் தன் ஆட்களோடு பாய்வார். ஒவ்வொரு முறையும் குழியை முதலில் எட்டியது அவர்தான். இப்படிப் பத்துக் குழிகள். ஒரு தடவை, ஓடையிலிருந்து இரண்டு ஜப்பானியர் துப்பாக்கிமுனைக் கத்தியோடு அவர் மேலேயே பாய்ந்தார்கள். பத்து கஜ தூரத்தில் இருவரையும் சுட்டு வீழ்த்தினார்.

ஆத்திரத்தில் ஒரு முறை பாய்வது வேறு. போய், பேசி, திரும்பி வந்து, அடுத்த குழிக்காக மறுபடி போவது வேறு. அவரை நான் நினைத்து நினைத்து மலைப்பது இதற்காகத்தான்.

சண்டை முடியக் கால் மணி நேரம்தான் பாக்கி. டாங்கி எளிதில் நெருங்க முடியாத இடத்தில் இன்னும் மூன்று குழிகள். கரம்ஜீத் ஒரு டாங்கியை 20 கஜம் வரை அழைத்துப் போய், குழியை அடையாளம் காட்டப் புகைக்குண்டு வீசினார். டாங்கி சில நிமிடம் சுட்டது. மறுபடி டெலிபோனை எடுத்தார். ‘சுடுவதை நிறுத்துங்கள், நான் ஆட்களோடு உள்ளே போகிறேன்’ என்பதுதான் அவர் கடைசியாகச் சொல்லி அனுப்பிய விஷயம். குழிக்குப் பத்து கஜம் இருக்கும்போது உள்ளிருந்த மெஷின்கன் மறுபடி சுட்டது. குண்டு மார்பில் பாய்ந்தது. 22 வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு என்ற அறிவிப்பு வந்தது ஜூலையில்.

அவர் விழுந்த பிறகும் பின்னால் வந்தவர்கள் நிற்கவில்லை. அந்தக் குழியையும் பிடித்துவிட்டார்கள்.